சினைப்பை நீர்க்கட்டியும் குறைய மறுக்கும் எடையும்: குறைத்துத் தக்கவைத்தவர்கள் சொல்லுங்கள்

மடிப்பாக்கத்துக்காரி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. உயரம் 158 செ.மீ. இன்று காலை எடை 82 கிலோ. கல்லூரி முடித்த ஆண்டில், மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராமல் போனபோது எடுத்த ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் நீர்க்கட்டி இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். அப்போது என் எடை 64 கிலோ. "எடையைக் குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மருத்துவர் சொன்னார். பதினோரு ஆண்டுகளாக நான் பார்த்த மருத்துவர்கள் அனைவரும் அதையேதான் சொல்கிறார்கள். எப்படிக் குறைப்பது என்று உட்கார வைத்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

பெருங்குடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி அதிகாலை மூன்று மணிக்கு முடியும். அலுவலக வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது நான்காகிவிடும். பதினொரு மணி வரை தூங்குகிறேன். எனக்குக் காலை உணவு என்பதே மதியச் சாப்பாடுதான்.

முயற்சி செய்யாமல் இருந்துவிடவில்லை. 2023இல் வேளச்சேரியில் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, சோற்றை அடியோடு நிறுத்தி, ஓட்ஸ் கஞ்சியும் காய்கறிச் சாறுமாக மூன்று மாதம் இருந்தேன். 81 கிலோ 73 ஆனது. ஆனால் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, படியேறினால் கண் இருட்டியது. தை மாதம் வீட்டில் வரிசையாகக் கல்யாணங்கள் வந்தன, மீண்டும் சோற்றுக்குத் திரும்பினேன். பத்தே மாதத்தில் 84. எட்டுக் கிலோவைக் குறைக்க நான் பட்ட பாட்டுக்குப் பதினொரு கிலோ திரும்பி வந்து சேர்ந்தது. இன்சுலின் நன்றாகச் செயல்பட உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாள் வயிற்றுப்போக்கும் குமட்டலுமாக இருந்ததால் நானே நிறுத்திவிட்டேன்.

திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முன்பெல்லாம் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்ட உறவினர்கள், இப்போது "உடம்பைக் கொஞ்சம் குறைத்தால்தானே குழந்தை தங்கும்" என்று நேரிலேயே சொல்கிறார்கள். சென்ற மாதம் தியாகராய நகரில் ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனேன். தையல்காரர் நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதினார். அவர் தவறாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வீடு திரும்பும் வரை நான் யாரிடமும் பேசவில்லை.

எனக்கு வேண்டியது விளம்பரம் அல்ல. இந்த நோயுடன் எடையைக் குறைத்து, குறைந்ததை இரண்டு ஆண்டுக்கு மேல் தக்கவைத்தவர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

லஸ் முனை:

தங்கை, எனக்கு 44 வயது. இருபது ஆண்டுகளாக இந்த நோயுடன் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட எனக்குப் புதிதல்ல. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பெயரே நம்மைத் திசைதிருப்புகிறது. 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தபோது, சினைப்பையில் தெரிந்த சிறுசிறு பைகளை வைத்து விவரித்தார்கள். அவை கட்டிகளே அல்ல. மாதந்தோறும் ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளியேற வேண்டும். நமக்கு அது பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது. அப்படி நின்றுபோன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் மணிமாலை போலத் தெரிகின்றன. எனவே "கட்டி கரைய மருந்து" என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

நம்மில் பெரும்பாலோருக்கு உள்ளே நடப்பது வேறு. சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கும்போது, அதைத் தசைக்குள் கொண்டு சேர்ப்பது இன்சுலினின் வேலை. நம் தசை அந்த இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. தசை கேட்காவிட்டாலும் சினைப்பை கேட்கிறது. கூடுதல் இன்சுலின் வந்ததும் அது ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை இயக்குநீரை (ஹார்மோனை) அதிகமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த இயக்குநீரைக் கட்டிப்போட்டு வைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கிறது. முகத்தில் முடி வளர்வது, பரு வருவது, மாதவிலக்கு தள்ளிப்போவது எல்லாம் இதன் விளைவுகள். இன்சுலின் கூடுதலாக இருக்கும் உடம்பில் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. அந்தக் கொழுப்பு இன்சுலின் தடையை மேலும் வளர்க்கிறது. ஒன்று மற்றொன்றைத் தள்ளும் இந்தச் சுழலுக்குள் நின்றுகொண்டுதான் நாம் எடையைக் குறைக்கப் பார்க்கிறோம். உங்களிடம் மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். அதோடு இந்த நோயின் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். இது பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட நோய் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? 39 வயதில் கால் புண் ஆறாமல் மருத்துவரிடம் போனபோது, வெறும் வயிற்றுச் சர்க்கரை 190 இருந்தது. அதற்கு முன்பு ஆறு ஆண்டுகள் நான் சர்க்கரையைப் பரிசோதித்ததே இல்லை.

எனவே உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, எடையைத் தவிர வேறு என்னென்ன அளந்து பார்த்திருக்கிறீர்கள்? சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், தைராய்டு, இடுப்புச் சுற்றளவு இவையெல்லாம் பார்த்தாயிற்றா? தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது வரையறை. இரண்டு, 64 கிலோவுக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதைக்கு ஒதுக்கி வைக்க முடியுமா? இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை வெளியேறுவதும் இன்சுலினின் செயல்பாடும் சீராகத் தொடங்குகின்றன. உங்களுக்கு 5 விழுக்காடு என்பது நான்கு கிலோ சொச்சம்தான்.

நான் 86இலிருந்து 77க்கு வந்தேன், மூன்று ஆண்டுகளாக 77க்கும் 79க்கும் நடுவில் நிற்கிறேன். நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஐந்தே முக்காலுக்கு வந்தால் என்னைப் பார்க்கலாம்.

சிந்தாதிரிப்பேட்டை:

ஒரே ஒரு எச்சரிக்கை. "நாற்பது நாளில் நீர்க்கட்டி கரையும், பத்துக் கிலோ குறையும்" என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, ஒரு மூலிகைப் பொடியை மூன்று தவணையில் 9,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்பதே அச்சிடப்படவில்லை. இரண்டு மாதம் குடித்தபின் மாதவிலக்கு நிற்காமல் பத்தொன்பது நாள் போனது. என் தங்கைமார் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெரம்பூர் அம்மா:

வணக்கம். இது எனக்கு இல்லை, என் மகளுக்கு. பதினைந்து வயது, பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பெரியவளாகி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எடை 71 கிலோ. இன்னொன்றும் இருக்கிறது. அவள் பின்கழுத்து கறுத்துப்போய், தடவினால் வெல்வெட் துணி போல் இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு நார் வைத்துத் தேய்த்துவிடுகிறேன். தோல் சிவந்து எரிகிறது என்று அழுகிறாள், கறுப்பு மட்டும் போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால் தலையைப் பின்னிக்கொள்ளாமல் முடியைக் கழுத்தில் போட்டு மறைக்கப் பார்க்கிறாள். பள்ளியில் அதற்கும் திட்டு விழுகிறது. இதுவும் நீர்க்கட்டியோடு சம்பந்தப்பட்டதா?

லஸ் முனை:

அம்மா, தயவுசெய்து இனி தேய்க்காதீர்கள். அது அழுக்கு அல்ல. இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருக்கும்போது கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கும். என் அம்மாவும் இப்படித்தான் பீர்க்கங்காய் நாரால் தேய்த்தார், ஒன்பதாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை. அந்தக் கறுப்பு என்னவென்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் என் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். மகளைப் பொது மருத்துவரிடமோ அகச்சுரப்பியியல் (ஹார்மோன்) மருத்துவரிடமோ அழைத்துப் போய்ச் சர்க்கரையைப் பாருங்கள். வெளியே செலவு செய்ய முடியாது என்றால் எழும்பூரில் அரசு மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.

தாம்பரம் ஆய்வகம்:

நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பரிசோதனையை எப்படிச் செய்துகொள்வது என்று சொல்ல முடியும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

இந்த நோய் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு, "98தான் இருக்கிறது, கவலையில்லை" என்று போய்விடுகிறார்கள். வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்டபின் எகிறும் நிலை இவர்களிடம் காணப்படுவது உண்டு. அதைப் பிடிக்கத்தான் 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை. இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழே இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை முன்நீரிழிவு, 200உம் அதற்கு மேலும் நீரிழிவு.

பரிசோதனைக்கு வருமுன் மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி எல்லாம் சாப்பிட வேண்டும். "டெஸ்டுக்குப் போகிறோமே" என்று பயந்து மூன்று நாள் சோற்றை ஒதுக்கிவிட்டு வருபவர்களுக்கு முடிவு தப்பாகக் கூடுதலாகக் காட்டிவிடும். முதல் நாள் இரவு எட்டு முதல் பத்து மணி நேரப் பட்டினி. கரைசலை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் குமட்டல் குறையும். அதன்பின் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இடையில் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஜி.எஸ்.டி. சாலையில் நடந்துவிட்டு வந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், வேறொரு நாள் செய்துகொள்ளலாம்.

மடிப்பாக்கத்துக்காரி போல இரவுப்பணி செய்பவர்கள், விடுப்பு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்தபின் வருவது நல்லது.

அண்ணாநகர் உணவியல்:

மனையியல் கல்லூரி ஒன்றில் உணவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சோற்றை அடியோடு நிறுத்தியதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றவற்றை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் உணவு பற்றிய முடிவுகள் 2025இல் வெளியாயின. நாம் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அவை சொல்கின்றன. தெற்கே அது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. ஆகவே மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் குறைத்த இடத்தில் எதை வைத்தீர்கள்? காய்கறிச் சாற்றை வைத்தீர்கள். சாற்றில் புரதம் ஏது? புரதம் இல்லாமல், ஆற்றலும் போதாமல் குறைந்த எட்டுக் கிலோவில் ஒரு பகுதி உங்கள் தசை. இன்சுலினை ஏற்றுச் சர்க்கரையை உள்வாங்கும் இடமே தசைதான் என்று மேலே ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதைக் கரைத்துவிட்டால், திரும்பிவரும் எடை கொழுப்பாகத்தான் வந்து சேரும். முடி உதிர்ந்ததும் இதனால்தான் இருக்க வேண்டும்.

நம் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்கு ஒரு முறை சோறு, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. மூன்று முறையும் கரண்டியால் வைப்பதால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பது தெரிவதே இல்லை. என் மாணவிகளிடம் ஒரு பயிற்சி கொடுப்பேன். வீட்டில் அம்மா வழக்கமாக வைக்கும் சோற்றை, சாப்பிடுமுன் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதிவர வேண்டும். "கொஞ்சம்தான் சாப்பிடுகிறேன்" என்று சொன்ன பெண்ணின் தட்டில் 420 கிராம் இருந்தது. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரே வேளையில் 118 கிராம். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் நிறுத்த அளவை நம்பாமல் மறுநாளும் நிறுத்துப் பார்த்தார்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். முதலில் பொரியலும் கூட்டும் பருப்பும் தட்டில் வரட்டும், பாதித் தட்டு காய். அதைச் சாப்பிடத் தொடங்கியபின் சோறு. சாம்பாருக்கு ஒரு முறை, மோருக்குச் சிறிது. ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம், அதற்கென்று தனியாகச் சோறு வேண்டியதில்லை. அசைவம் சாப்பிடுபவர்களானால் மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் குழம்பாக. நான்கு இட்லியில் மொத்தமே எட்டுக் கிராம் அளவுக்குத்தான் புரதம். இரண்டு இட்லியோடு இரண்டு முட்டையைச் சேர்த்தால் பதினாறு கிராம் வந்துவிடும். முட்டை வேண்டாம் என்பவர்களுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், பச்சைப்பயறு, பனீர், கெட்டித் தயிர்.

சிறுதானியம் பற்றியும் ஒரு வார்த்தை. தினையும் சாமையும் வரகும் நல்லவை, நார்ச்சத்து உண்டு. ஆனால் மாவுச்சத்தில் அவை அரிசிக்கு அதிகம் குறைந்தவையல்ல. "சாமைதானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பயனில்லை. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் சர்க்கரை விரைவாகவே ஏறும். அதையே கெட்டியான களியாகக் கீரைக் குழம்போடு அளவாகச் சாப்பிடுவது மேல்.

கடைசியாக, உங்கள் இரவு. நள்ளிரவு ஒரு மணிக்கு அலுவலகத்தில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவே இல்லையே? நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், அதுவே 40 கிராம்.

கொளத்தூர்:

எல்லோரும் எடையைப் பற்றியே பேசுவதால் நான் எழுதத் தயங்கினேன். என் எடை 49 கிலோ. எனக்கும் இதே நோய். "உனக்கென்ன, ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கு எப்படி வரும்?" என்று ஒரு மருத்துவர் இரண்டு ஆண்டுகள் பரிசோதனையே எழுதவில்லை. முகச்சவரம் செய்துகொண்டு அலுவலகம் போகும் பெண்ணின் நிலையை அவர் கேட்கவே இல்லை. எடையைக் குறைத்தால் எல்லாம் சரியாகும் என்ற வாக்கியத்தில் எனக்கு உடன்பாடில்லை. எடை குறைவது சிலருக்குப் பெரிதும் உதவும். ஆனால் மெலிந்தவர்களுக்கும் இன்சுலின் தடை இருக்கலாம், குறைத்தவர்களுக்கும் நோய் முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. அந்த வாக்கியத்தை நம்பி, எடை குறையாததால் மற்றச் சிகிச்சையைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள் பெண்கள். மடிப்பாக்கம் தோழி, 82 கிலோவில் இருக்கும்போதே உங்களுக்குச் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. குறைத்துவிட்டு வா என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது.

எனக்கு உதவியது எடை தூக்கும் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு நாள். தொடக்கத்தில் வீட்டிலேயே, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன்.

போரூர் பொது மருத்துவர்:

கொளத்தூர் சகோதரி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். 2023இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதலும், எடை பற்றிய இழிவுப் பேச்சு நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறது என்பதை மருத்துவர்களுக்கு நினைவூட்டுகிறது. எந்த ஓர் உணவுமுறையும் மற்றொன்றைவிட இந்த நோய்க்குச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை என்றும் சொல்கிறது. ஆகவே உங்களால் பல ஆண்டுகள் தொடர முடிகிற உணவைத் தேர்ந்தெடுங்கள்.

மெட்ஃபார்மின் பற்றி. பத்து நாளில் நிறுத்தியதில் வியப்பில்லை, பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். 500 மி.கி. அளவில், இரவு உணவோடு அல்லது உணவு முடிந்தவுடன் தொடங்கி, ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மெதுவாகக் கூட்டினால் வயிற்றுத் தொந்தரவு பெருமளவு குறையும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கேட்டு மறுபடி தொடங்கலாமா என்று பாருங்கள், பழைய மாத்திரை அட்டையை எடுத்து நீங்களாகத் தொடங்காதீர்கள். நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எடைக்குறைப்பு மாத்திரை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். எடையில் அதனால் வரும் மாற்றம் சிறிது.

2025இல் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பின்பு, என் அறையில் தினமும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அவை பயன்தரும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். குழந்தைக்கு முயல்பவர்கள் அவற்றைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவற்றில் ஒன்றான செமாகுளுடைடு என்றால் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கருப்பையின் உட்சுவர் கழியாமல் தடித்துக்கொண்டே போவது பிற்காலத்தில் கருப்பைப் புற்றுக்கு வாய்ப்பைக் கூட்டும். மருந்து கொடுத்து வரவழைப்பது அதற்காகத்தான். குழந்தைக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால், கருமுட்டை வெளியேற உதவும் மாத்திரைகள் இருக்கின்றன, லெட்ரோசோல் அவற்றில் முதல் தேர்வு. அதற்கு முன்பு கணவரின் விந்துப் பரிசோதனை நடக்கட்டும். நான்கு ஆண்டுகளாக உங்கள் எடை மட்டுமே குற்றவாளியாக நிற்பது சரியல்ல. இரவில் குறட்டை, பகலில் அடங்காத தூக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் நீர்க்கட்டி உள்ளவர்களிடம் கூடுதல்.

பெரம்பூர் அம்மாவுக்கு: மகளுக்கு ஸ்கேன் எடுக்க அவசரப்பட வேண்டாம். பெரியவளாகி எட்டு ஆண்டு வரை, இந்த நோயைக் கண்டறிய ஸ்கேன் பயன்படாது, அந்த வயதில் பல சிறு பைகள் தெரிவது இயல்பு. மாதவிலக்குக் குறைபாடும் ஆண்ட்ரோஜன் மிகுதியும் இரண்டுமே இருந்தால்தான் வளரிளம் பெண்ணுக்கு இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். ஆனால் மூன்று ஆண்டு கடந்தபின்னும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவதும் கழுத்துக் கறுப்பும் பரிசோதனைக்குப் போதுமான காரணங்கள்.

மடிப்பாக்கத்துக்காரி:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். லஸ் அக்கா, போன வாரம் நாடாவால் அளந்தேன், 101 செ.மீ. அண்ணாநகர் அம்மா, நள்ளிரவு உணவைப் பற்றி எழுதாமல் விட்டது தற்செயல் அல்ல, எழுதக் கூச்சமாக இருந்தது. பரோட்டா அல்லது ஃபிரைடு ரைஸ், தேநீர் ஐந்து. குளுக்கோஸ் பரிசோதனை செய்தேன். வெறும் வயிற்றில் 104, இரண்டு மணி நேரத்தில் 156. முன்நீரிழிவு என்று மருத்துவர் சொன்னார். பயந்தேன், ஆனால் பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு எண் கையில் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், வீட்டில் சமைப்பது மாமியார். அவர் கெட்டவர் அல்லர். "வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் வருகிற பெண்" என்று இரக்கப்பட்டுத்தான் இன்னும் ஒரு கரண்டி வைக்கிறார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடுகிறது.

அண்ணாநகர் உணவியல்:

அவரிடம் சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள் அம்மா. சுண்டல் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். ஊட்டும் கைக்கு மறுப்பைவிட இன்னொரு வேலை கொடுப்பது எளிது. ஒரு டப்பாவில் அதை இரவு அலுவலகத்துக்கும் எடுத்துப் போகலாம்.

மடிப்பாக்கத்துக்காரி:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எடை 78.3 கிலோ. இடுப்பு 93 செ.மீ. மெட்ஃபார்மினை மெதுவாகக் கூட்டியதால் இம்முறை வயிறு தாங்கியது. மாதவிலக்கு 41 நாள், 37 நாள், 35 நாள் இடைவெளிகளில் மூன்று முறை தானாக வந்தது. வரவழைக்க மாத்திரை போடவில்லை. பகல் பணிக்கு மாற்றிக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்குச் சாப்பிடுவதைப் பதினொரு மணிக்கு முன்பே முடித்துவிடுகிறேன். மாமியார் வாரத்தில் ஐந்து நாள் ஐந்து வகைச் சுண்டல் செய்து தருகிறார், மொச்சையில் தேங்காயும் மாங்காயும் போட்டு. என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெண்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் மாலை வேலைக்குப் போகுமுன், கணவர் வீட்டிலிருந்து பணிபுரியும் நாட்களில், இருவரும் மடிப்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் நாற்பது நிமிடம் நடக்கிறோம். அவருடைய பரிசோதனையும் முடிந்தது, அதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது, இப்போது இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் போகிறோம். உறவினர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

நடுவில் ஏழு வாரம் எடை ஒரு கிராம்கூட அசையவில்லை. பழைய ஆளாக இருந்தால் அப்போதே விட்டிருப்பேன். அந்த ஏழு வாரத்தில்தான் இடுப்பு மூன்று செ.மீ. குறைந்தது. லஸ் அக்கா நாடாவை எடுக்கச் சொல்லியிருக்காவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

பெரம்பூர் அம்மா, மகள் எப்படி இருக்கிறாள்?

பெரம்பூர் அம்மா:

நன்றாக இருக்கிறாள். அரசு மருத்துவமனையில்தான் காட்டினேன். சர்க்கரை எல்லையில் இருக்கிறது, மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். ஸ்கேன் எழுதவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு இறகுப்பந்து ஆடுகிறாள். அதை மட்டும் நிறுத்தச் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் செய்திருக்கிறேன், பொதுத்தேர்வு வந்தாலும்.

கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது, மெதுவாகத்தான் குறையும் என்றார்கள். நாரைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இத்தனை நாள் தேய்த்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னிவிட்டேன். கழுத்து தெரியும்படியாகத்தான் பின்னச் சொன்னாள்.